பாக்கி

செம்மடுவுக் கோயிலில் கடைசிப் பெஞ்சுக்கும் பின்னால்
செருப்புகள் கிடக்கும் இடத்தில்
மூன்று வருடம் நின்றிருக்கிறேன்.
சாரல் அடித்தால் முதலில் நனையும் இடம் அது.
யாரும் என்னை அங்கே நிறுத்தவில்லை.

குழுவின் நோட்டு என்னிடம் இருந்தது.
பதினான்கு பெண்கள், வாரம் நூறு.
காப்பிப் பழம் பறித்த கையோடு
கொண்டுவந்து கொடுப்பார்கள்,
எண்ணும்போது ரூபாய் விரலில் ஒட்டும்.
முப்பத்தெட்டாயிரம்.
மகனின் ஐ.டி.ஐ. பீஸுக்கு எடுத்தேன் என்றுதான்
பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன்.
பாதி உண்மை.

மீதிப் பாதிக்கு
செவ்வாய்ப்பேட்டையில் போய் இறங்கி
ஒரு ஜோடி கொலுசு வாங்கினேன்,
சலங்கை வைத்தது.
நாற்பத்திரண்டு வயதில்.
யாருக்காக என்று கேட்காதீர்கள்.
என் காலுக்காக.

இருபது கொண்டை ஊசியும் ஏறி வந்தது பஸ்.
ஒவ்வொரு வளைவிலும்
பைக்குள்ளிருந்து அது சிணுங்க,
பக்கத்துச் சீட்டுக்காரர் தூக்கத்தில் சிரித்தார்.
வீட்டில் கதவைச் சாத்தி
மூன்று ராத்திரி போட்டு நடந்தேன்,
சலங்கைக்குள் பஞ்சு அடைத்து.

கணக்குப் பார்த்த அன்றைக்கு
சலேத்மேரி கத்தவில்லை.
நோட்டை மூடி,
"எமிலி, நீயா?" என்றாள்.
அடித்திருந்தால் ஆறியிருக்கும்.
அந்த 'நீயா'
ஒண்டிக்கடையில் உப்பு வாங்கும்போதும்
மிளகுக்கொடிக்கு ஏணி சாய்க்கும்போதும்
எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டது.

கொலுசைத் திருப்பிக் கொடுத்தேன்.
கூலி போச்சு. சேதாரம் கழித்துப் பதினாலாயிரம்.
சேதாரம் என்ற சொல்லுக்கு
அதுவரை எனக்குப் பாதி அர்த்தம்தான் தெரியும்.

போன வியாழக்கிழமை
மீதிப் பாதியையும் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.
கொலுசு, பஞ்சு, மூன்று ராத்திரி, எல்லாம்.
அவருக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்தபடி,
"இவ்வளவுதானா, வேற இருக்கா?" என்றார்,
ரேஷன் கடையில் கேட்பதுபோல.
இவ்வளவுதான், சாமி.

ஞாயிறு.
ராத்திரி பெய்த மழைக்குத் தோட்டம் முழுக்கக்
காப்பி பூத்திருந்தது.
கோயிலுக்குள்ளும் அந்த வாசனை,
தவக்காலம் என்று அதற்கு யார் சொல்வது.
சமாதானம் சொல்லும் நேரம் வந்தது.
நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன்.
இரண்டு வெறுங்கால்கள்
செருப்புகளை விலக்கிக்கொண்டு வந்து நின்றன.
முன் பெஞ்சிலிருந்து அவ்வளவு தூரம்.
சலேத்மேரி கும்பிட்டாள்.
கும்பிட்ட கையைப் பிரித்து
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
அவளுக்கும் விரல் கறை போகவில்லை.

பிறகு அந்த வரி வந்தது.
தகுதியற்றவள் என்று
மூன்று வருடமாக எனக்குள்ளேயே சொல்லிக்கொண்ட வரி.
என் பேர் அது என்று நினைத்திருந்தேன்.
அன்றைக்குத்தான் காது கொடுத்தேன்.
ரைட்டர் சொல்கிறார்,
கீபோர்டு வாசிக்கும் பையன் சொல்கிறான்,
மூக்கடைத்த குரலில் சாமியாரே சொல்கிறார்.
ஆஜர் கூப்பிட்டதுபோல் கோயில் முழுக்கக் கைதூக்கிவிட்டு
அப்படியே எழுந்து வரிசையில் போகிறார்கள்,
அப்பம் வாங்க.
தகுதி இருப்பவர்களுக்குத் தனி வரிசை
எங்கேயும் இல்லை.
நான் சலேத்மேரிக்குப் பின்னால் நின்றேன்.

வெளியே வந்ததும் ஐந்நூறை நீட்டினேன்.
வேண்டாம் என்பாள் என்று
ஒரு நொடி நினைத்தேன்தான்.
அவள் வாங்கி, எண்ணி, நோட்டில் எழுதினாள்.
"பாக்கி ஆறாயிரம். கணக்கு வேற, சமாதானம் வேற."
அந்தக் கறாரில்
என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.
கொடுக்க வேண்டியவளாக இருக்கிறேன்,
அவ்வளவுதானே.

பத்தடி போய்த் திரும்பினாள்.
"ஏண்டி, சத்தம் எப்படி இருந்துச்சு?"

பஞ்சை எடுத்துவிட்டு
ஒரே ஒரு தரம் நடந்தேன் என்று
அவளிடம்தான் முதல்முதலாகச் சொன்னேன்.
அடுப்படியிலிருந்து வாசல்வரை, எட்டு எட்டு.
சிரித்தாள். நானும்.
என் செருப்பில் ஒன்று
யாருடைய காலோடோ போய்விட்டிருந்தது.